வராத பெண்ணின் முப்பத்தொரு வருகைகள்

மட்டம் போடுகிற பிள்ளைகளுக்கு உலகத்திலேயே பிடிக்காத நேரம் காலை பத்து மணி. அந்த நேரத்தில்தான் வீட்டில் ஃபோன் அடிக்கும். எடுத்தால் ஒரு பெண் குரல். அதட்டாது, மிரட்டாது. "பிள்ளைக்கு இப்ப உடம்பு எப்படி இருக்குங்க?" என்று அக்கறையாகக் கேட்கும், அவ்வளவுதான். உடம்புக்கு என்ன, காலையில் பையை மாட்டிக்கொண்டு போனானே என்று பெற்றவர் சொல்லி முடிப்பதற்குள் குட்டு உடைந்துவிடும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி பள்ளி அலுவலகத்தின் எழுத்தர். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘பத்து மணி’. நாளடைவில் பெற்றவர்களும் அப்படியே சொன்னார்கள், ஆசிரியர்களும் சொன்னார்கள், ஒரு தடவை தலைமையாசிரியரே வாய் தவறிச் சொல்லிவிட்டு இருமி மழுப்பினார்.

காது என்றால் அப்படி ஒரு காது அவளுக்கு. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் அவன் அப்பா பேசறேன், அவனுக்குக் காய்ச்சல்" என்றான். அப்படிங்களா ஐயா, ரொம்ப சந்தோஷம், மத்தியானம் உங்களுக்கு அறிவியல் செய்முறை இருக்கிறது, காய்ச்சலையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். மத்தியானம் பையன் வந்துவிட்டான். அந்தக் கதை ஐந்து மாடிக் கட்டடம் முழுவதும் ஒரு வாரம் ஓடியது.

இருபத்தேழு வருஷம் அந்த அலுவலகத்தில் இருந்தாள். டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். அப்போதெல்லாம் பள்ளியை விட்டு நின்று போகிற பிள்ளைகளைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதில்லை. ஒருவன் வராமல் போனால் இரண்டு மாதம் கழித்துப் பெயரை அடித்துவிட்டு அடுத்தவனைப் பார்ப்பார்கள். நகரத்துப் பள்ளிக்கூடம், ஆயிரத்து நானூறு பிள்ளைகள், யார் வீட்டில் என்ன என்று யார் போய்ப் பார்ப்பது? ஒரு வருஷம் மட்டும் நாற்பத்தொரு பேர் கடைசி வகுப்பை முடிக்காமல் காணாமல் போனார்கள். மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. அதற்கப்புறம்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

ஏற்பாடு இதுதான். காலை எட்டே முக்காலுக்குக் கேட்டை மூடுவார்கள். பிந்தி வருகிறவர்கள் அலுவலக ஜன்னலுக்கு வந்து தாமதச் சீட்டு வாங்க வேண்டும். மூன்று தாமதம் ஒரு நாள் விடுப்புக்குச் சமம். ஒன்பதரைக்கு ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் வராதவர்களின் சீட்டு அவள் மேஜைக்கு வரும். அதை அவள் கணினியில் ஏற்றி, பத்து மணிக்கு வீடு வீடாகக் கூப்பிடுவாள். மாதத்தில் ஐந்து நாளுக்கு மேல் விட்டவர்களின் பெயரைக் கணினி தானாகவே சிவப்பில் எடுத்துத் தரும். வெள்ளிக்கிழமை அந்தச் சிவப்புப் பட்டியல் பள்ளியின் ஆலோசகருக்குப் போகும். அவள் சின்னப் பெண், ஆனால் சூட்டிகை. நேரே வீட்டுக்கே போய் உட்கார்ந்து, என்ன கஷ்டம், யாரிடம் பேச வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று பார்த்து, பிள்ளையைத் திரும்பக் கொண்டு வருவாள். சாயங்கால வகுப்பும் அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். நாலே வருஷத்தில் நாற்பத்தொன்று ஒன்பதாகிவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, அதில் பெரும்பங்கு பத்து மணியுடையதுதான். ஆண்டு விழாவில் அவளை மேடையேற்றிப் பூங்கொத்து கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்தவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஃபோன் இருந்தால்தான் பேச்சு வரும் போல என்று கணக்கு வாத்தியார் கிண்டல் செய்தார். வீட்டுக்குப் போய் அந்தப் பூங்கொத்தை வாளியில் வைத்துவிட்டு, நாலு மாடி ஏறிய மூச்சு வாங்க, கணவனிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். கணவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஊரில் உள்ள லிஃப்டெல்லாம் அவர் கைப்பட்டு ஓடும், அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் ஓடாது. கட்டடத்தின் சொந்தக்காரர் செலவு செய்ய மாட்டார், இவர் ஓசியில் செய்ய மாட்டார். பிடிவாதத்தில் இரண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை.

இப்படி எல்லாரும் மெச்சிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தப் பெண் ஜன்னலுக்கு வந்தாள்.

கடைசி வகுப்புப் பெண். முதுகில் தன் பை, முன்னால் மார்போடு ஒரு குட்டிப் பை. பிள்ளைகள் ‘ரெண்டு பை’ என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். குட்டிப் பை அவளுடைய நாலு வயதுத் தம்பியுடையது. அவனை விட்டுவிட்டு வரும் அவசரத்தில் பையைக் கழற்றிக் கொடுக்க மறந்து, பாதி நாள் அதையும் சுமந்துகொண்டு வந்து நிற்பாள். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விடியற்காலை வேலை. அப்பா இல்லை. தம்பியின் பாலர் பள்ளி எட்டரைக்குத்தான் திறக்கும். அவனை உள்ளே தள்ளிவிட்டு இரண்டு பேருந்து மாறி வந்தால் ஒன்பது பத்து. இவள் ஓடினாலும் சரி பறந்தாலும் சரி, ஒன்பது பத்துதான்.

ஒரு நாள் சீட்டை வாங்காமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், இப்படியே தாமதம் எழுதிட்டே போனீங்கன்னா என் பேரு சிவப்புல வந்துடும். வீட்டுக்கு ஆள் வருவாங்க. அம்மா ஏற்கெனவே படிச்சது போதும்னு சொல்லிட்டு இருக்காங்க. ஆள் வந்தா அதையே சாக்கா வச்சு நிறுத்திடுவாங்க."

பத்து மணியின் மனசு இளகிவிட்டது. படிக்கிற பெண், ஒரு பாடம் விடுவதில்லை, இருபத்தைந்து நிமிஷம் பிந்தி வருவதற்காகப் படிப்பையே இழப்பதா? ஆலோசகரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பக்குவமாகப் பேசியிருப்பாள், தம்பியைக் கொண்டு விட வேறு ஆள் பார்த்திருப்பாள். ஆனால் தன்னை நம்பி ஒரு பிள்ளை சொன்ன ரகசியத்தை இன்னொருத்தியிடம் கொடுக்க இவளுக்கு மனசு வரவில்லை. நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"சரி, இனிமே நீ ஜன்னலுக்கு வர வேண்டாம். சைக்கிள் ஷெட் பக்கத்துக் கதவு வழியா நேரா வகுப்புக்குப் போயிடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து தினமும் ஒன்பதரைக்கு அந்த வகுப்பின் சீட்டு வரும். முப்பத்துநாலாம் எண்ணுக்கு நேரே ‘இல்லை’ என்று இருக்கும், ஏனென்றால் வகுப்பாசிரியை பெயர் கூப்பிடும்போது பெண் பேருந்தில் இருப்பாள். பத்து மணி அதை ‘வருகை’ என்று மாற்றி ஏற்றுவாள். முதல் வாரம் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். இரண்டு பையும் மாடியேறுவது தெரிந்தது. இரண்டாவது வாரம் எப்போதாவது பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. முப்பத்துநாலு என்றால் விரல் தானாகப் போய் ‘வருகை’யை அழுத்திவிட்டு வந்துவிடும்.

இதற்கு நடுவில் வகுப்பாசிரியை பிரசவ விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாக வந்த தற்காலிக ஆசிரியைக்கு ஐம்பத்திரண்டு முகமும் புதுசு. அவள் பெயர் கூப்பிட்டு, சீட்டை எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டும். வார முடிவில் அலுவலகத்திலிருந்து வந்த தாளில் முப்பத்துநாலுக்கு எல்லா நாளும் வருகை என்று இருந்ததைப் பார்த்து, பிந்தி வருகிற பெண் போலிருக்கிறது, அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கிறது என்று விட்டுவிட்டாள். பாட ஆசிரியர்களும் அதே தாளைத்தான் பார்த்தார்கள். ஒருவரையும் குற்றம் சொல்ல முடியாது.

தேர்வுப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிற வாரம் வந்தது. தற்காலிக ஆசிரியை ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள்.

"மேடம், இந்தப் பொண்ணு யாரு? மூணு நாளா கையெழுத்துக்குக் கூப்பிடறேன். அவ வந்தே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுன்னு பசங்க சொல்றாங்க. உங்க தாள்ல தினமும் வந்ததா இருக்கு."

பத்து மணி படிவத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள். முப்பத்துநாலு. நான் விசாரிக்கிறேன் என்று படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஆசிரியை போனதும் கணினியைத் திறந்தாள். அந்தப் பெண் கடைசியாக வந்து எழுதியது அரையாண்டுத் தேர்வு. அதற்கு மறுநாள் தொடங்கி முப்பத்தொரு பள்ளி நாள். முப்பத்தொரு ‘வருகை’. வேறு யார் கையும் இல்லை, எல்லாம் அவள் கை. வராத பெண்ணை அவளே தினமும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த வீட்டு எண்ணுக்கு ஃபோன் செய்தாள். தாய் எடுத்து, யாருங்க, யாருங்க என்று கேட்டாள். என்னவென்று ஆரம்பிப்பது? பிள்ளைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்றா? இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஒன்றும் பேசாமல் ஃபோனை வைத்தாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு விலாசத்தைக் குறித்துக்கொண்டு கிளம்பினாள்.

மருத்துவமனைக்குப் பின்புறம் ஒரு குறுகிய தெரு. கீழே சைக்கிள் பஞ்சர் கடை, மேலே வரிசையாக ஒற்றை அறை வீடுகள். கதவு திறந்தே இருந்தது. தாய் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், இடுப்புக்குக் கீழே சுடுநீர்ப் பை. சின்னப் பையன் தரையில் உட்கார்ந்து ஒரு பழைய நோட்டில் கோடு கோடாகக் கிறுக்கிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னதும், முன்பு ஃபோனில் கேட்ட குரலை வைத்தே தாய்க்குத் தெரிந்துவிட்டது. பத்து மணி மேடமா, நீங்களே வந்துட்டீங்களா என்று எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஈரத் துணி மூட்டையைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது என்றாள். வேலைக்குப் போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதனால் மகள் அம்மாவின் இடத்தில் போய் நிற்கிறாள், காலை ஐந்து முதல் மத்தியானம் இரண்டு வரை படுக்கை விரிப்பு மடிக்கிறாள். முதலில் ஒரு வாரம் என்றுதான் நினைத்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்க மேடம், ஒண்ணு கேக்கலாமா? ஸ்கூல்லேர்ந்து ஃபோன் வரும்னு ரொம்ப எதிர்பார்த்தா. பத்து மணிக்கு ஃபோனைப் பக்கத்துலயே வச்சுக்கம்மா, வந்ததும் நிலைமையைச் சொல்லு, அவங்க ஏதாவது வழி பண்ணுவாங்கன்னு தினமும் சொல்லிட்டுப் போவா. வந்ததும் ஃபோன் வந்துச்சான்னுதான் முதல்ல கேப்பா. ஒம்பது நாள் கேட்டா. அப்புறம், விடும்மா, நான் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க போலன்னு விட்டுட்டா. எல்லா வீட்டுக்கும் ஃபோன் பண்ணுவீங்களே, எங்களுக்கு மட்டும் ஏன் பண்ணல?"

கேட்டதில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லத்தான் பத்து மணி வாயைத் திறந்தாள்.

"கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறும்மா," என்றாள்.

தாய் உடனே நம்பிவிட்டாள். அதானே பார்த்தேன் என்று சமாதானமாகிவிட்டாள். வீடு தேடி வந்த மனுஷிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட முடியவில்லையே என்று வருத்தப்பட்டு, பையனைக் கூப்பிட்டு ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டு வரச் சொன்னாள். பத்து மணி அதைக் குடித்துவிட்டு, இரண்டு நாளில் ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ஏற்பாடு செய்வது அவ்வளவு லேசா? பெண் இனிமேல் வந்தாலும் முப்பத்தொரு நாள் பாடம் போயிற்று. சாயங்கால வகுப்பு வேண்டும், தாய்க்கு முதுகு சரியாகும்வரை வேலை போகாமல் இருக்க மருத்துவமனையில் யாராவது பேச வேண்டும், தம்பியைக் காலையில் கொண்டுவிட ஆள் வேண்டும். இதெல்லாம் சிவப்புப் பட்டியலில் பெயர் வந்தால்தான் நடக்கும். முழு வருகை உள்ள பெண்ணின் பெயர் அதில் எப்படி வரும்? பதிவைத் திருத்தி, முப்பத்தொரு விடுப்பையும் அதற்கு முன்னால் மறைத்த தாமதங்களையும் எழுதினால் வருகை நூற்றுக்கு எழுபத்தொன்றில் நிற்கும். எழுபத்தைந்து இல்லாவிட்டால் தேர்வு எழுத விட மாட்டார்கள். பொய்யை வைத்திருந்தால் பெண் தேர்வு எழுதலாம், தேற முடியாது. உண்மையை எழுதினால் உதவி கிடைக்கும், தேர்வு எழுத முடியாது. மிச்சம் ஒரே ஒரு வழி, வருகைக் குறைவை மன்னிக்கச் சொல்லித் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிப்பது. அதில் காரணம் எழுத வேண்டும். பள்ளியின் தவறால் வீட்டுக்குத் தகவல் போகவில்லை என்றால் ஒப்புக்கொள்வார்கள். யார் தவறு, என்ன தவறு என்றும் எழுத வேண்டும்.

சாயங்காலம் வாசலில் சேர்ந்துகொண்ட கணவனிடம், நாலு மாடியும் ஏறும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் இரண்டாவது மாடியில் நின்று, கெட்ட எண்ணத்தில் செய்யவில்லையே, பேசாமல் கமுக்கமாக இரு, ஓய்வு பெற மூன்று வருஷம்தான் இருக்கிறது என்றார். மூன்றாவது மாடியில் அவராகவே நின்றார்.

"இருந்தாலும் ஒண்ணு. லிஃப்ட் பழுதுன்னா முதல்ல பழுதுன்னு போர்டு மாட்டணும். ஓடற மாதிரி விளக்கு எரிய விட்டுட்டு உள்ள வேலை பாக்க முடியாது."

உள்ளே போனதும் நான் அந்த லிஃப்ட் பேச்சை எடுத்திருக்கக் கூடாது என்றார் அவர். நல்லதுக்குத்தான் சொன்னீங்க என்று அவள் வாரியத்துக்குக் கடிதம் எழுதக் காகிதத்தை எடுத்தாள்.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதிவேடு சுத்தமா இருக்கு. அந்தப் பொண்ணு எழுபத்தஞ்சுக்கு மேல நிக்கறா. கையெழுத்துப் போட்டுட்டுப் பரீட்சை எழுதட்டுமே. நாம ஏன் நோண்டணும்?"

"எழுதுவா சார். ஃபெயிலாவா. அப்புறம் திரும்பிப் படிக்க வர மாட்டா. அங்கேயே விரிப்பு மடிச்சிட்டு நின்னுடுவா."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இந்த வருஷம் பள்ளிக்கு வரவிருந்த பாராட்டு, மேலிடத்துக் கேள்விகள், எல்லாம் அவர் கண் முன்னால் ஓடியிருக்கும். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, இதுபோல இன்னும் எத்தனை பேர் என்று கேட்டார். முன்னால் ஒரு மூன்று நாலு பேருக்கு இப்படிச் செய்திருக்கிறேன், அவர்களெல்லாம் வந்துகொண்டுதான் இருந்தார்கள் என்றாள் பத்து மணி. சொல்லிவிட்டு, வந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன் என்று திருத்தினாள். தலைமையாசிரியர் கடிதத்தின் கீழே கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. பெயர் சிவப்பில் வந்தது. ஆலோசகர் மருத்துவமனைக்குப் போய்ச் சலவைக்கூட மேற்பார்வையாளரைப் பிடித்து, மருத்துவர் சான்றோடு விண்ணப்பித்தால் ஆறு வாரம் வேலையை வைத்திருப்பார்கள் என்பதைக் கண்டுபிடித்தாள். இப்படி ஒன்று கேட்கலாம் என்பதே அந்தத் தாய்க்குத் தெரியாது. பஞ்சர் கடைக்காரரின் மனைவி, தன் பிள்ளையோடு தம்பியையும் பாலர் பள்ளியில் விட்டுவிடுகிறேன் என்றாள். ஒரே தெருவில் இருந்துகொண்டு இத்தனை நாள் கேட்கவில்லையே என்று கோபித்தும் கொண்டாள். மூன்றாம் நாள் பெண் பள்ளிக்கு வந்துவிட்டாள், முதுகில் ஒரே பையோடு. பத்தொன்பது நாள் கழித்து வாரியத்தின் அனுமதியும் வந்தது.

பத்து மணியை வருகைப் பதிவிலிருந்து எடுத்து, முதல் மாடியில் சான்றிதழ்களும் பழைய ஆவணங்களும் இருக்கிற அறைக்கு மாற்றினார்கள். கடிதத்தில் இருந்தது தலைமையாசிரியருக்கும் வாரியத்துக்கும் மட்டும்தான் தெரியும். வயதாகிவிட்டது, காது மந்தம், அதனால் மாற்றிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். காது மந்தமாம், அவளுக்கு. அவள் அதை மறுக்கவில்லை.

தண்டனை அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நன்றிதான் தண்டனையாக இருந்தது. தாய் குச்சியை ஊன்றிக்கொண்டு நடக்கத் தொடங்கியதிலிருந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த மேடம் மட்டும் வீடு தேடி வராவிட்டால் என் பெண் கதி என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெண் தினமும் சாயங்கால வகுப்புக்குப் போகும் வழியில் அறையை எட்டிப் பார்த்து, போயிட்டு வரேன் மேடம் என்று சொல்லிவிட்டுப் போவாள். சரிம்மா என்று குனிந்துகொண்டே சொல்லிவிட்டு, அவள் போன பிறகுதான் பத்து மணி நிமிர்வாள். இவள் கோபமாக இருந்தால் தேவலை என்று நினைப்பாள்.

சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. இப்போது சொன்னால் பெண்ணின் மனசு கலைந்துவிடும், தேர்வு முடியட்டும் என்று தள்ளிப் போட்டாள். தேர்வு முடிந்தது. முடிவு வரட்டும் என்றாள். சாக்குச் சொல்ல வேண்டுமானால் யாருக்குத்தான் கிடைக்காது? ‘கம்ப்யூட்டர் கோளாறு’ என்று சொன்ன அன்றைக்கே அவள் இரண்டாவது தப்பைச் செய்துவிட்டாள். முதல் தப்பு பார்க்காமல் செய்தது. இது தெரிந்தே செய்தது. அதனால் இதுதான் அதிகமாக அரித்தது.

முடிவு வந்தது. பெண் தேறிவிட்டாள். ஓகோ என்று இல்லை, ஒரு பாடத்தில் எல்லையைத் தொட்டு நின்றிருந்தாள், ஆனால் தேறிவிட்டாள். பள்ளிப் படிப்பை முடித்தவள் என்று எழுதிய சான்றிதழைக் கொடுக்கிற மேஜையில் உட்கார்ந்திருந்தது பத்து மணி.

தாயும் வந்திருந்தாள். படியேற முதுகு இடம் கொடுக்காததால் கீழேயே நின்றுவிட்டாள். பெண் மட்டும் மேலே வந்தாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கி, தன் பெயரை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

"ரொம்ப நன்றி மேடம். எல்லாரும் என்னை விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். நீங்கதான் தேடி வந்தீங்க."

இந்த நன்றியை வாங்கிக்கொண்டு இன்னொரு நாள் உட்கார்ந்திருக்க முடியாது என்று பத்து மணிக்குத் தெரிந்தது.

"உக்காரும்மா," என்றாள். பெண் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து மணி ஒன்றையும் பூசி மெழுகவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை, தினமும் சீட்டில் நீ வரவில்லை என்றுதான் வந்தது, தினமும் நான்தான் வந்ததாக மாற்றினேன், பார்க்காமல் மாற்றினேன், அதனால்தான் உன் வீட்டுக்கு ஃபோன் வரவில்லை, யாரும் வரவில்லை, நீ போன பிறகும் முப்பத்தொரு நாள் நீ இங்கே இருந்ததாக நான்தான் எழுதினேன் என்று வரிசையாகச் சொன்னாள். உன் அம்மாவிடம் பொய் சொன்னேன் என்றும் சொன்னாள். மன்னிச்சுடு என்று சொல்ல வாய் வரவில்லை. அதைக் கேட்க என்ன யோக்கியதை என்று தோன்றிவிட்டது.

பெண் சான்றிதழை உறையில் போட்டாள். மறுபடி வெளியே எடுத்து, ஓரம் மடங்கிவிட்டதா என்று பார்த்து, மறுபடி போட்டாள். கேட்டபோது குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது.

"அப்போ என்னை வேண்டாம்னு யாரும் முடிவு பண்ணலையா?"

"இல்லம்மா. யாரும் அப்படி நெனைக்கல. நான் பாக்கல, அவ்வளவுதான்."

"வேண்டாம்னு முடிவு பண்ணியிருந்தாக்கூடப் பரவாயில்ல மேடம். முடிவு பண்றதுக்காவது ஒரு தடவை என்னைப் பத்தி யோசிச்சிருப்பீங்க."

பத்து மணி தலையை ஆட்டினாள். பெண் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. படியில் அவள் செருப்புச் சத்தம் பாதியில் நின்றது. அழுகிறாள் போலிருக்கிறது என்று பத்து மணி எழுந்தாள், பிறகு போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

கீழேயிருந்து தாயின் குரல் கேட்டது.

"மேடத்துக்கு நன்றி சொன்னியாடி?"

படியில் செருப்புச் சத்தம் மறுபடி தொடங்கி, கீழே போய் நின்றது.

"சொல்லிட்டேம்மா," என்றாள் பெண். "வா, போலாம்."